வாசகர் கேள்வி–பதில்: அந்தக் கறுப்புக் கழுகு யார்?

கே: பிரெஞ்சு வகுப்பில் ஆசிரியை ஒரு பாட்டைப் போட்டுக் காட்டினார். பார்பரா என்ற பாடகி பாடிய ‘லெக்ல் நுவார்’, அதாவது கறுப்புக் கழுகு. எனக்கு அது குழந்தைக்குச் சொல்லும் கதை போல, தாலாட்டு போல இருந்தது. வீட்டுக்கு வந்து இணையத்தில் தேடினால், அது அவருக்கு அவருடைய அப்பா செய்த கொடுமையைப் பற்றிய பாட்டு என்று எழுதியிருக்கிறார்கள். அதற்கப்புறம் நிம்மதியாகக் கேட்கவே முடியவில்லை. எதை நம்புவது?
– புதுச்சேரி வாசகி

ப: தாலாட்டு என்று நினைத்ததில் தப்பே இல்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். 1970-இல் பாட்டு வந்தபோதே லோரான்ஸ் என்ற குழந்தைக்குச் சமர்ப்பணம் என்று போட்டுத்தான் வந்தது. லோரான்ஸ் பார்பராவின் குடும்பத்துச் சின்னப் பெண், உடன்பிறந்தவரின் மகள். கனவில் கண்ட ஒரு கழுகிலிருந்துதான் பாட்டு பிறந்தது, கனவு பாட்டைவிட அழகாக இருந்தது என்று பார்பராவே பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

பாட்டைக் கேட்டிராதவர்களுக்காக அதில் என்ன நடக்கிறது என்று என் சொந்த வார்த்தையில் சொல்கிறேன். ஒரு நாள், இல்லை ராத்திரியாகக்கூட இருக்கலாம், ஒரு ஏரிக்கரையில் ஒருத்தி தூங்கிப்போகிறாள். எங்கிருந்தென்று தெரியாமல் வானத்தைப் பிளந்துகொண்டு ஒரு கறுப்புக் கழுகு வருகிறது. இறக்கையை விரித்து மெல்ல வட்டமடித்து அவள் பக்கத்தில் இறங்குகிறது. கண் மாணிக்க நிறம், இறகு இரவின் நிறம், நெற்றியில் ராஜா மாதிரி ஒரு நீல வைரம். அலகால் அவள் கன்னத்தைத் தொடுகிறது, கழுத்தை அவள் கைக்குள் நுழைக்கிறது. அப்போதுதான் அவளுக்கு அடையாளம் தெரிகிறது: பழைய காலத்திலிருந்து திரும்பி வந்திருக்கிறது. என்னைக் கூட்டிக்கொண்டு போ, பழைய தேசத்துக்குப் போவோம், சின்ன வயதுக் கனவில் செய்தது போல நடுங்கிக்கொண்டே நட்சத்திரங்களைப் பறிக்கலாம், சூரியனை ஏற்றலாம், மழை பெய்ய வைக்கலாம் என்று கெஞ்சுகிறாள். கழுகு பறந்து போய்விடுகிறது. மிஞ்சியது நாலு இறகு, ஒரு கண்ணீர்த்துளி அல்லது ஒரு மாணிக்கக் கல், குளிர், துக்கம்.

பார்பராவின் நிஜப் பெயர் மோனிக் செர்ஃப். 1930-இல் பாரிஸில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். மேடைப் பெயர் அவருடைய பாட்டி வர்வாராவின் பெயரிலிருந்து வந்தது. 1997 நவம்பரில் இறந்தார். அப்போது அவர் எழுதி முடிக்காமல் விட்டிருந்த நினைவுக் குறிப்புகள் அடுத்த வருஷம் புத்தகமாக வந்தன. தார்ப் என்ற ஊரில், பத்தரை வயதில், அப்பா தன்னிடம் அத்துமீறியதை அதில்தான் எழுதியிருந்தார். படித்தவர்கள் அதிர்ந்துபோய், உடனே பழைய பாட்டுகளையெல்லாம் திரும்ப எடுத்துப் போட்டுக் கேட்டார்கள். கழுகுப் பாட்டுக்கு வந்தபோது எல்லாமே பொருந்தியது. தூங்கும் சிறுமி, இரவு, மேலிருந்து வந்து இறங்கும் பெரிய கறுப்பு உருவம், அது ராஜா, அது தொடுகிறது, போன பிறகு அவளுக்குக் குளிர்கிறது.

பொருந்துகிறதுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் இப்படிப் பொருத்திப் பார்ப்பவர்கள் பாட்டின் நடுப்பகுதியைக் கைதவறி விட்டுவிடுகிறார்கள், அதுதான் என் மனக்குறை. அந்தக் கழுகு வெறும் பயம் என்றால், அடையாளம் தெரிந்த கணத்தில் அவள் அலறியிருக்க வேண்டும். அவள் என்ன செய்கிறாள்? என்னைக் கூட்டிக்கொண்டு போ என்கிறாள். எங்கே? முன்பு இருந்த இடத்துக்கு. ‘முன்பு போல, முன்பு போல’ என்று அந்த வார்த்தையை விடாமல் சொல்லிக்கொண்டே போகிறாள், கைக்குழந்தை சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்பது போல.

எனக்குப் படுவது இதுதான். அந்தப் பத்தரை வயதுக்கு முன்னால் ஒரு அப்பா இருந்திருக்கிறார், எல்லாக் குழந்தைக்கும் இருப்பது போல, நினைத்தால் மழையை வரவழைக்கக்கூடிய அப்பா. பின்னால் இன்னொருவர் வந்தார், அதே முகத்தோடு. கழுகுக்குள் இரண்டு பேரும் இருக்கிறார்கள். கெஞ்சல் முதலாமவரிடம், குளிர் இரண்டாமவரால். இது என் வாசிப்பு, பார்பரா கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது அல்ல. பாட்டையும் அந்தச் சம்பவத்தையும் முடிச்சுப் போட்டது பெரும்பாலும் கேட்டவர்கள்தான்.

ஆகவே தாலாட்டை நீங்கள் தூக்கிப்போட வேண்டாம். தாலாட்டாக இருப்பதால்தான் அது அவ்வளவு வலிக்கிறது.

கே: இதே பாட்டைத் தமிழில் மொழிபெயர்க்கலாம் என்று உட்கார்ந்தேன். முதல் வார்த்தையிலேயே மாட்டிக்கொண்டேன். கழுகா, பருந்தா, கருடனா? இரண்டாவது சிக்கல், அந்தப் பறவையை ‘அது’ என்பதா ‘அவன்’ என்பதா?
– கோவை வாசகர்

ப: உங்கள் முதல் சிக்கல் சின்னது. பருந்து நம் ஊர்க் கோழிக்குஞ்சு தூக்கும் பறவை, அதற்குக் கிரீடம் வைத்தால் சிரிப்பு வரும். கருடன் என்றால் உடனே பெருமாள் வந்து முதுகில் உட்கார்ந்துவிடுவார், பாட்டு கோயிலுக்குப் போய்விடும். கழுகுதான் சரி, ஆனால் நம் காதில் கழுகு என்றதும் பிணந்தின்னிக் கழுகும் கொஞ்சம் நிழலாடும். அந்த நிழலை விரட்ட வேண்டாம், இந்தப் பாட்டுக்கு அது நல்லதுதான்.

இரண்டாவது சிக்கல் பெரியது. நீங்கள் அதைக் கேட்டதே எனக்குச் சந்தோஷம், ஏனென்றால் பாட்டின் ரகசியமே அங்கேதான் இருக்கிறது. பிரெஞ்சில் உயர்திணை அஃறிணை கிடையாது. நாற்காலிக்கும் ஆண்பால் பெண்பால் உண்டு, கழுகு ஆண்பால். அதனால் ‘இல்’ என்று ஒரு சொல் போட்டால் அது கழுகுக்கும் பொருந்தும், ஒரு மனிதனுக்கும் பொருந்தும். அவள் ‘அடையாளம் கண்டுகொண்டேன்’ என்று சொல்லும்போது கண்டது பறவையையா ஆளையா என்று பிரெஞ்சுக்காரர் காதுக்கு முடிவே தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை, மொழியே அந்தத் திரையைப் போட்டுக் கொடுத்துவிடுகிறது. தமிழில் நாம் வினைமுற்றிலேயே மாட்டிக்கொள்கிறோம். ‘வந்தது’ என்றால் பறவை, ‘வந்தான்’ என்றால் ஆள், ‘வந்தார்’ என்றால் அப்பா. மூன்றையும் ஒரே சொல்லில் சொல்ல வழியில்லை.

இதில் இன்னொரு விஷயம் இருக்கிறது. பார்பராவின் அப்பா குடும்பத்தை விட்டுப் போய் வருஷக்கணக்கில் ஆகி, 1959 டிசம்பரில் நாந்த் நகரில் இறந்துபோனார். தகவல் கிடைத்து மகள் போய்ச் சேர்வதற்குள் உயிர் போய்விட்டது. அதைப் பற்றி அவர் ஒரு பாட்டு எழுதினார், ஊர்ப்பெயரே தலைப்பு, 1964-இல் வந்தது. ஊரில் மழை பெய்துகொண்டே இருக்கிறது, மகள் தாமதமாக வருகிறாள், அவரை ரோஜாக்களுக்குக் கீழே படுக்க வைக்கிறாள். (அந்தப் பாட்டில் அவர் கற்பனையாகச் சொன்ன தெருப்பெயரை நாந்த் நகரம் 1986-இல் நிஜத் தெரு ஒன்றுக்கே வைத்துவிட்டது, இப்படியும் ஊர்கள் இருக்கின்றன.) அந்தப் பாட்டில் காணாமல்போன அப்பாவைப் பற்றி ஒரு வரி வருகிறது: ‘இல் மெத்தே ரெவ்னூ’. என்னிடம் திரும்பி வந்திருந்தார் என்று பொருள். ஆறு வருஷம் கழித்து வந்த கழுகுப் பாட்டில், அடையாளம் தெரியும் அந்த வரியைப் போய்ப் பாருங்கள். அதே ‘இல் மெத்தே ரெவ்னூ’. சொல் மாறவில்லை, அசை மாறவில்லை. அங்கே அப்பா, இங்கே கழுகு.

இணையத்தில் எத்தனையோ விளக்கங்கள் படித்திருக்கிறேன், எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய சாட்சி இந்த நாலு வார்த்தைதான். வாழ்க்கைக் கதையைக் கொண்டுவந்து பாட்டின் மேல் ஒட்டத் தேவையே இல்லை, ஒரு பாட்டே இன்னொரு பாட்டை நோக்கிக் கைகாட்டுகிறது. தெரிந்தே செய்தாரா, கைப்பழக்கத்தில் வந்ததா என்பது வேறு விஷயம்.

சரி, மொழிபெயர்ப்புக்கு வருகிறேன். என்னைக் கேட்டால் ‘அது’ என்றே கடைசிவரை போங்கள். அடையாளம் தெரியும் இடத்தில் மட்டும் எழுவாயை விழுங்கிவிட்டு, வினைமுற்று வராமல், ‘பழைய காலத்திலிருந்து என்னிடம் திரும்பி’ என்று வரியை அறுத்துவிட்டுப் பாருங்கள். இலக்கணக்காரர்கள் திட்டுவார்கள், திட்டட்டும்.

கே: கறுப்புக் கழுகு என்பது ஜெர்மனியின் சின்னம். பார்பரா யூதர். அப்படியானால் இது நாஜிகளைப் பற்றிய பாட்டுதானே, ஏன் யாரும் நேராகச் சொல்வதில்லை?
– திருச்சி வாசகர்

ப: சொல்கிறார்கள், நிறையப் பேர் சொல்கிறார்கள். போர்க்காலத்தில் அந்தக் குடும்பம் ஊர் ஊராக ஓடி, 1943 முதல் சேன் மார்செலன் என்ற சிற்றூரில் மறைந்து வாழ்ந்தது. பயந்து வளர்ந்த குழந்தைதான். ஆனால் சின்னத்தைப் பார்த்ததும் அகராதி புரட்டுவது போல ‘கழுகு என்றால் ஜெர்மனி’ என்று முடிப்பது எனக்குச் சரிப்படவில்லை. கொடியில் இருக்கும் கழுகு கன்னத்தைத் தொடாது, கையில் கழுத்தைப் புதைக்காது. அதனிடம் போய் என்னைக் கூட்டிக்கொண்டு போ என்று ஒரு யூதச் சிறுமி கேட்பாளா?

தவிர, ஜெர்மனியைப் பற்றிச் சொல்ல நினைத்தபோது பார்பரா நேராகவே சொல்லியிருக்கிறார். 1964-இல் கோட்டிங்கன் நகரத்தில் பாட அழைத்தார்கள், அரைமனதோடு போனார். மேடையில் அவர் கேட்ட பெரிய பியானோ இல்லை, தூக்கி வரும் ஆட்கள் வேலைநிறுத்தம். பாட மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். மாணவர்கள் ஊருக்குள் ஒரு வயதான அம்மாளின் வீட்டிலிருந்து பியானோவைக் கடன் வாங்கிச் சுமந்து வந்தார்கள். அங்கேயே தோட்டத்தில் உட்கார்ந்து அந்த ஊரைப் பற்றி ஒரு பாட்டு எழுதினார், அங்கேயும் எனக்குப் பிரியமான மனிதர்கள் இருக்கிறார்கள் என்று. அதில் மறைபொருள் ஒன்றும் கிடையாது, பட்டவர்த்தனம்.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். வெளியே இருந்த பயமும் வீட்டுக்குள் இருந்த பயமும் அந்தக் குழந்தைக்கு ஒரே வருஷங்களில்தான் வந்தன. கனவு இரண்டையும் தனித்தனியாக மடித்து வைத்திருக்காது.

கே: ஏன் நாலு இறகு? மூன்றோ ஐந்தோ ஏன் இல்லை?
– பெயர் வேண்டாம் என்ற வாசகர்

ப: அந்த வீட்டில் பிள்ளைகள் நாலு பேர் என்பதால் என்று யாராவது சொல்லக்கூடும். உண்மைதான், நாலு பேர்தான். எனக்கு நம்பிக்கை இல்லை. பிரெஞ்சில் ‘நாலு’ என்பது ‘ஏதோ கொஞ்சம்’ என்ற பொருளிலும் அடிக்கடி புழங்கும், நாம் ‘நாலு வார்த்தை’ என்பது போல.

நீங்கள் நாலை எண்ணும்போது அதற்குப் பக்கத்தில் கிடப்பதைக் கவனிக்காமல் விட்டுவிட்டீர்கள். ‘ஒரு கண்ணீர்த்துளி, அல்லது ஒருவேளை ஒரு மாணிக்கம்.’ கழுகின் கண் மாணிக்க நிறம் என்று முன்னாலேயே சொல்லியாகிவிட்டது இல்லையா? அப்படியென்றால் தரையில் கிடப்பது அந்தக் கண்ணிலிருந்து விழுந்தது. கழுகு அழுததா? அல்லது அவளுடைய கண்ணீரே அதன் கண் நிறத்தில் அவளுக்குத் தெரிந்ததா? அழுதது யார் என்று பாட்டு சொல்லவே இல்லை. முதல் வரியில் ‘நாளா, ஒருவேளை இரவா’, கடைசியில் ‘கண்ணீரா, ஒருவேளை மாணிக்கமா’. இந்த ‘ஒருவேளை’ இரண்டும் பாட்டுக்கு இரண்டு பக்கக் கதவு. ‘ஒரு நாள்’ என்று கதை தொடங்கும் பிரெஞ்சு வழக்குக்குள் ‘அழகான’ என்ற சொல் ஒளிந்திருக்கிறது, ‘ஒரு அழகான நாள்’. அதைச் சொல்லி வாய் மூடுவதற்குள் ‘இல்லை, இரவோ’ என்று தானே கலைத்துவிடுகிறார். சம்பவத்தை மறந்த ஆள் இப்படிப் பேசமாட்டார். நன்றாக ஞாபகம் இருந்தும் சொல்ல வாய் வராத ஆள் பேசும் விதம் இது.

கே: எனக்குப் பிரெஞ்சு ஒரு வார்த்தை தெரியாது. அர்த்தம் எதுவும் படிக்காமலேயே கேட்டேன், கண் கலங்கிவிட்டது. படிமம் படிமம் என்று நீங்கள் பேசுவதெல்லாம் அப்போது எதற்கு?
– மதுரை வாசகி

ப: நியாயமான அடி. பாட்டில் மெட்டு ஒன்றே ஒன்றுதான், சுற்றிச் சுற்றி அதுவே வருகிறது, கழுகு வட்டமடிப்பது போல. முதலில் பியானோவும் ஒரு குரலும் மட்டும், பக்கத்தில் யாரோ தூங்குகிறார்கள் என்பது போல அடங்கிய குரல். ஒவ்வொரு சுற்றுக்கும் வாத்தியம் கூடுகிறது, பின்னணிக் குரல்கள் சேர்கின்றன, பாடுபவர் இன்னும் மேலே ஏறிக்கொண்டே போகிறார், ‘முன்பு போல’ என்று கெஞ்சும் இடத்தில் கிட்டத்தட்டக் கூவுகிறார். இசைக்கோர்ப்பு மிஷல் கொலோம்பியே. சிலருக்கு அந்தப் பிரம்மாண்டம் கொஞ்சம் அதிகம் என்று தோன்றும், எனக்கும் சில நாள் தோன்றியிருக்கிறது, பியானோவோடு மட்டும் விட்டிருக்கலாமே என்று.

நீங்கள் கலங்கியதற்கு எனக்குத் தெரிந்த காரணம் இது. அவ்வளவு உயரம் ஏறிய பிறகு பாட்டு முதல் வரிக்கே திரும்பிவிடுகிறது, மறுபடி ஏரி, மறுபடி தூக்கம். எந்த இடத்திலும் ‘கண் விழித்தேன்’ என்ற வரி கிடையாது. குறுந்தொகையில் ஒரு தலைவி அவன் வந்து தழுவியதாகக் கனவு கண்டு, எழுந்து, வெறும் படுக்கையைத் தடவிப் பார்த்துவிட்டு, நான் தனி ஆள்தான் என்று தோழியிடம் சொல்வாள். அவளுக்கு விழிப்பாவது கிடைத்தது, சொல்ல ஒரு தோழியும் இருந்தாள். இவள் இன்னும் அந்த ஏரிக்கரையிலேயே படுத்திருக்கிறாள். மொழி தெரியாவிட்டாலும் மெட்டு திரும்பிவந்து அதே இடத்தில் நிற்பது காதுக்குத் தெரிந்துவிடும்.

கே: என் மகளுக்கு ஒன்பது வயது. இந்தப் பாட்டின் மெட்டு பிடித்துப்போய் முணுமுணுத்துக்கொண்டே இருக்கிறாள், கதையைச் சொல்லு என்கிறாள். பின்னணி தெரிந்த பிறகு எனக்குத் தொண்டையை அடைக்கிறது. சொல்லலாமா? கழுகு ஏன் போய்விட்டது என்று கேட்டால் என்ன சொல்வது?
– பாரிஸிலிருந்து ஒரு தாய்

ப: தாராளமாகச் சொல்லுங்கள். பார்பரா இதை ஒரு சின்னப் பெண்ணுக்குத்தான் கொடுத்தார், அதை மறக்க வேண்டாம். நட்சத்திரம் பறிப்பது, சூரியனை ஏற்றுவது, மழை வரவழைப்பது, ஒன்பது வயதுக்கு இதைவிட என்ன வேண்டும்? பார்பராவின் வாழ்க்கையை இப்போது சொல்ல வேண்டியதில்லை. தன் உடம்பை யாரும் தொடுவது பிடிக்கவில்லை என்றால் உங்களிடம் வந்து சொல்லலாம் என்பதை, இந்தப் பாட்டோடு சேர்க்காமல், வேறொரு நாள் சாதாரணமாகச் சொல்லி வையுங்கள், எப்படியும் சொல்ல வேண்டியதுதானே.

கழுகு ஏன் போனது என்பதற்குப் பாட்டில் காரணமே இல்லை. நீங்களாக ஒன்றைக் கட்டிச் சொல்லாதீர்கள். ‘எனக்குத் தெரியவில்லை, நீ என்ன நினைக்கிறாய்?’ என்று அவளையே கேளுங்கள். அவள் சொல்வதை எனக்கும் எழுதிப் போடுங்கள்.